சித்தன்னவாசலுக்கு ஒரு மிதி

லாரித் தொல்லை இல்லாமல் ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்ட, புதுக்கோட்டைப் பக்கம் நல்ல வழி உண்டா?
– வாசகர், அறந்தாங்கி

சித்தன்னவாசல்–குடுமியான்மலைச் சுற்று இதற்குத் தோது. திருச்சி நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. மிதித்தால் சித்தன்னவாசல். குகைக்கோயில் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம். அடுத்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. அங்கே பாறையில் இசைக் கல்வெட்டு. புதுக்கோட்டை திரும்ப மொத்தம் 45 கி.மீ. அளவு வரும். ஏற்றம் குறைவு, நிழலும் குறைவு. ஆறு மணிக்கே கிளம்புவது உத்தமம். கருவேல முள்ளுக்குப் புது டயர், பழைய டயர் பேதமில்லை. கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் அவசியம். கியர் சைக்கிள் வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், இம்மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகியது சாதாரண சைக்கிளில்தான்.