டயரைத் தேர்ந்தெடு, உயரம் தானே தெரியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உன் நண்பனின் மஹிந்திரா தார் பக்கத்தில் நின்றால் உன் ஜிம்னி குட்டியாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அதனால் 4 அங்குல லிஃப்ட் கிட்டும் 31 அங்குல டயரும் போடலாமா என்று கேட்கிறாய். அக்காவுக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறாய் என்பதும் புரிகிறது. பயப்படாதே, சொல்ல மாட்டேன்.

எந்த லிஃப்ட் வாங்குவது என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. எங்கே ஓட்டப்போகிறாய் என்பதுதான் முதலில். அதை வைத்து டயர் முடிவாகும். அந்த டயர் சக்கரக்கூட்டில் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்தால் லிஃப்டின் அளவு வந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். பிறகு சக்கரக்கூடு காலியாகத் தெரிகிறதே என்று அதை நிரப்ப டயர் தேடுவார்கள்.

ஏன் டயர் முதலில் என்கிறேன் தெரியுமா? உன் வண்டியில் முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழல் பிணைக்கிறது, அதில் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்த உருண்டையின் அடியிலிருந்து தரை வரைக்கும்தான். ஸ்பிரிங்கை மாற்றி 50 மி.மீ. தூக்கினால் சேசிஸ் உயரும், பாடி உயரும், நீயும் உயரமாக உட்காருவாய். உருண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கையில் கிடைக்கும்.

கணக்கை நீயே போட்டுப் பார்க்கலாம். உன் டயரில் 195/80 ஆர் 15 என்று இருக்கும். 195 அகலம், மி.மீ. கணக்கில். அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 312. ரிம் 15 அங்குலம், அது 381 மி.மீ. மொத்த விட்டம் 693. அடுத்து 215/75 ஆர் 15 எடுத்துக்கொள், விட்டம் 703.5 வரும். உருண்டைக்கு 5 மி.மீ. லாபம். 235/75 ஆர் 15 போட்டால் 733.5, லாபம் 20 மி.மீ. உன் நண்பனின் தாரில் கம்பெனியே போட்டுத் தரும் 255/65 ஆர் 18 கிட்டத்தட்ட 789 மி.மீ., அதுதான் நீ பார்த்த 31 அங்குலம். அவனுக்கு அது வண்டியோடு வந்த அளவு. உனக்கு விட்டத்தில் 13 சதவீதத்துக்கு மேல் ஏற்றம்.

அந்த 13 சதவீதத்தை இழுக்கப்போவது உன் எஞ்சின். அவனுடைய டீசல் தாரின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், உன் 1.5 லிட்டர் பெட்ரோலுடையது 134. டயர் பெரிதாகும்போது ஒவ்வொரு கியரும் அதே விகிதத்தில் நீளமாகிவிடும். 235 போட்டாலே 6 சதவீதத்துக்கு அருகில் இழுவை குறையும். மலையில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 5 கி.மீ. அளவுக்கு வேகமாக ஓடிக்கொண்டிருப்பாய். டயரின் எடையும் கூடும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் தேவையான பலம் எஞ்சினிலிருந்தும் பிரேக்கிலிருந்தும்தான் வர வேண்டும். உன் வண்டியின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக் என்பதை மறக்காதே.

ரிம் விஷயத்தைக் கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. உன் ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம். 215 அதில் ஒழுங்காக உட்காரும். 235/75க்கு ஆறு அங்குலமாவது வேண்டும், ஆகவே டயரோடு ரிம் செலவும் சேரும். ரிம் மாற்றும்போது வண்டி அகலமாகத் தெரியட்டும் என்று சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட்டைக் காட்டுவார்கள். பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது பம்பரில் உரசும். வேண்டாம்.

இனி மண். நம் ஊரில் எல்லா மண்ணும் ஒன்றல்ல. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கிப் பார். ஏ.டி. எனும் ஆல் டெரெய்ன் டயரின் இடுக்குகளில் களி அப்பிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் அது வழவழப்பான உருளையாகிவிடும். அங்கே எம்.டி. எனும் மட் டெரெய்ன் டயர்தான் ராஜா. அதன் பெரிய கட்டைகளுக்கு இடையே அகலமான இடைவெளி இருப்பதால் சுழலும்போதே சேற்றை உதறிவிடும். அதே எம்.டி.யோடு திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலுக்குப் போ. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தக் கட்டைகளே மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும். மணலுக்கு வேண்டியது காற்றைக் குறைத்து டயரைப் பரப்புவது. மலைப்பாதையின் கூர்க்கற்களுக்கோ பக்கச்சுவரின் உறுதி முக்கியம். ஆனால் நீ நூற்றுக்குத் தொண்ணூறு நாள் ஓட்டுவது கோவைத் தார்ச்சாலையில். மழையில் நனைந்த தாரில் எம்.டி.யின் பிடி குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். இரைச்சல் தனி. கரிசலில் விவசாயம் பார்க்கப்போவதில்லை என்றால் உனக்கு ஏ.டி. போதும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. கடையில் கிடந்து பழசானதைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள். சுமைக் குறியீட்டு எண் இப்போதைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். 4 வீல் டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் கியர்ப்பெட்டியும் ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

சரி, லிஃப்டே வேண்டாமா என்றால் அப்படியும் இல்லை. உன்னுடையது ஐந்து கதவு ஜிம்னி. மூன்று கதவு மாடலின் வீல்பேஸ் 2,250 மி.மீ., உன்னுடையது 2,590. அதனால் மேட்டைத் தாண்டும்போது நடு வயிறு தட்டும். வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டைச் சொல்லும் ரேம்ப் ஓவர் கோணம் மூன்று கதவில் 28 டிகிரி, உனக்கு 24. இங்கே லிஃப்ட் உண்மையாகவே உதவும், ஏனென்றால் வயிறு சேசிஸோடு உயரும். 50 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 4 டிகிரி கூடும் என்று கணக்கு வருகிறது. அதாவது மூன்று கதவு வண்டி பிறக்கும்போதே கொண்டுவந்ததை நீ காசு கொடுத்து எட்டுகிறாய். 235 டயருக்கு வேண்டிய இடமும் அந்த 40, 50 மி.மீ.யிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் தூக்குவது படத்துக்குத்தான்.

அந்த 50 மி.மீ. எதையெல்லாம் கலைக்கும் என்று கேள். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது பான்ஹார்டு ராடு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். சேசிஸ் உயர்ந்தால் இந்த ராடு சாய்ந்து ஆக்சிலைச் சில மி.மீ. ஒருபக்கமாக இழுத்துவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராடு போட வேண்டும். அடுத்தது கேஸ்டர் கோணம். சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் முன்சக்கரம் நேராகப் போகிறதே, ஃபோர்க் சாய்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஜிம்னியைத் தூக்கும்போது முன் ஆக்சில் சற்றே சுழன்று அந்தச் சாய்வு குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். கோணத்தைத் திருத்தும் புஷ் இல்லாத லிஃப்ட் கிட்டை வாங்காதே, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா என்று மெக்கானிக்கை ஜாக்கி போட்டுக் காட்டச் சொல். ஹெட்லைட்டையும் தாழ்த்த வேண்டும், இல்லையென்றால் எதிரே வருகிறவன் உன்னைத் திட்டுவான்.

ஸ்பிரிங்குக்கு மேல் வட்டு வைத்துத் தூக்கும் ஸ்பேசர் மலிவு. ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் அதில் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் நிற்கும். பாதை கெட்ட இடத்துக்காகத் தூக்கிய வண்டி அங்கேயே முன்பைவிட மோசமாகும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும் கிட்தான் முறையானது. அதிலும் கனமான ஸ்பிரிங் எடுக்காதே. வின்ச்சும் கூரைப் பெட்டியும் சுமக்கும் வண்டிக்கானது அது, காலி வண்டியில் உன் முதுகைப் பதம் பார்க்கும். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்ட் பற்றிப் பேசவே வேண்டாம். உன் வண்டி 1,645 மி.மீ. அகலம், 1,720 மி.மீ. உயரம். உயரம் ஏற ஏற சரிவில் கவிழும் ஆபத்தும் ஏறும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். டயர் அளவை மாற்றுவதானாலும் முன்கூட்டியே அவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கு. காட்டுக்குள்ளும் ஆற்றுப்படுகையிலும் அனுமதியின்றி இறங்காதே. எந்த டயர் போட்டிருந்தாலும் வழக்கு வழக்குதான்.

பெரிய டயர்தான் எல்லாம் என்று நினைக்காதே, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு வா. பெரும்பாலும் பழைய மஹிந்திராக்கள், மெலிந்த டயர்கள். கல்லைப் பார்த்து எந்தச் சக்கரத்தை எதன்மேல் வைப்பது என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன் இருட்டிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுவார்கள்.

நீ செய்ய வேண்டியது இது. 215/75 ஆர் 15 ஏ.டி. ஐந்து வாங்கு. லிஃப்ட் வேண்டியதில்லை, ரிம்மும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு நல்ல காற்றுமானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் எடுத்துக்கொள். கல்லில் 20 பி.எஸ்.ஐ., மணலில் 15க்கு அருகே என்று இறக்கிப் பழகு. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பு. அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகும் வயிறு தட்டுகிறது என்று உனக்கே தோன்றினால் 50 மி.மீ. கிட்டைப் பற்றிப் பேசுவோம். 4 அங்குலத்துக்கு என் பதில் இப்போதும் அப்போதும் 'வேண்டாம்' தான்.

அன்புடன்,
மாமா