கிள்ளானில் காய்ச்சலை வென்ற வடிகால்

மாணவர்களே, ஓர் ஊரில் நோய் பரவினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? மருத்துவமனையில் கட்டில்களைக் கூட்டுவதா, நோய் வரும் வழியை அடைப்பதா? 1901-ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானில் இந்தக் கேள்வி எழுந்தது.

அந்த ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய போர்ட் கிள்ளான்) திறக்கப்பட்டது. அதைச் சுற்றிச் சதுப்புக் காடு. வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக மலேரியா காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட ஆலோசிக்கப்பட்டது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டறிந்திருந்தார். கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினார். காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்தால் கொசுவுக்கு முட்டையிட இடமிருக்காது என்று அவர் அரசிடம் எடுத்துரைத்தார். நகரிலும் துறைமுகத்திலும் வேலை தொடங்கியது.

எண்கள் சொல்வது என்ன?

காய்ச்சலால் இறந்தோர் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் எண் கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் உரியது. இரண்டாவது எண், வடிகால் வெட்டப்படாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கு உரியது.

1900: 259 – 173
1901: 368 – 266
1902: 59 – 227
1903: 46 – 230
1904: 48 – 286
1905: 45 – 351

ஒரே ஆண்டில் நகரின் இறப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால், முதல் எண்ணை மட்டும் பார்த்தால் ஓர் ஐயம் எழலாம். 1902-இல் மழை குறைந்ததால் கொசுவும் குறைந்திருக்குமோ? இரண்டாவது எண் இதற்கு விடை தருகிறது. மழை குறைவுதான் காரணம் என்றால், பக்கத்துப் பகுதிகளிலும் இறப்பு அதே அளவு சரிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

அறிவியல் செயற்பாங்குத் திறனில் நீங்கள் படித்த மாறிகளை இங்கே பொருத்திப் பாருங்கள். வடிகால் தற்சார்பு மாறி. இறப்பு எண்ணிக்கை சார்பு மாறி. அண்டைப் பகுதிகள் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எண்ணிக்கைகளே, விகிதங்கள் அல்ல. அக்காலத்தில் புதிய இரப்பர் தோட்டங்கள் திறக்கப்பட்டு, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்துகொண்டிருந்தனர். மாவட்டத்தில் இறப்பு கூடியதற்கு மக்கள்தொகைப் பெருக்கமும் காரணமாக இருக்கலாம். ஆனால் நகரும் துறைமுகமும் வளர்ந்தனவே தவிர, சுருங்கவில்லை. ஆகவே அங்கே இறப்பு குறைந்ததற்கு மக்கள்தொகையைக் காரணம் காட்ட முடியாது.

மலையில் பலிக்காத வழி

வெற்றி பெற்ற வழியை அப்படியே எல்லா இடத்திலும் செய்தால் போதுமா? போதாது என்பதை மலைப்பாங்கான தோட்டங்கள் காட்டின. அங்கே காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்ட பிறகும் காய்ச்சல் அடங்கவில்லை. சில இடங்களில் அது கூடவும் செய்தது. லயங்களில் குடியிருந்த நம் முன்னோர் பலர் இதற்குப் பலியாயினர்.

காரணம் கொசுவின் இனம். கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ், நிழல் படிந்த காட்டுத் தேக்க நீரில் முட்டையிடும். காடு போனால் அதுவும் போகும். மலையில் இருந்ததோ அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டியதால் அதற்கு நாமே இடம் அமைத்துக் கொடுத்ததாயிற்று!

எனவே திட்டம் மாறியது. பள்ளத்தாக்கு ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டு சென்றனர். மற்ற ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர். கொசுப்புழு நீரின் மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சுவிடும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும்.

இன்று நம் வீட்டில்

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பையும் தேடுவதில்லை, ஓடையையும் தேடுவதில்லை. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட கூரைக் கால்வாய் ஆகியவற்றில் தேங்கும் நீரே அதற்குப் போதும். புகையடிப்பு பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டைகள் காய்ந்த பாத்திரத்திலும் பல மாதங்கள் பிழைத்திருக்கும். நோயாளிகளை எண்ணுதல், பரப்பும் உயிரியை அறிதல், அதற்கேற்ற வழியைத் தேர்தல், பலனை ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே நல்ல சுகாதாரத் திட்டம். இவற்றில் ஒன்றை விட்டாலும் உழைப்பு வீணாகும்.

செய்து பார்ப்போம்

1. மேலே உள்ள இரண்டு வரிசை எண்களையும் ஒரே வரைபடத்தில் கோட்டு வரைபடமாக வரைக. கோடுகள் எந்த ஆண்டுகளுக்கு இடையில் ஒன்றையொன்று வெட்டுகின்றன?

2. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் மற்ற நோய்களால் இறந்தோர் தொகையும் 1901-இல் 214-ஆக இருந்து 1902-இல் 85-ஆகக் குறைந்தது. மலேரியாவைத் தடுத்ததால் மற்ற இறப்புகளும் ஏன் குறைந்தன? இரண்டு காரணங்களை ஊகித்து எழுதுக.

3. உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களை ஒரு மாதம், வாரம் ஒரு முறை எண்ணிப் பதிவு செய்க. எண்ணிக்கை குறைகிறதா?