சுவருக்குள் இருக்கும் எல்போ

முதல் முறையாக ஸ்பேனர் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு: ஷவர் மாட்டுவது அரை நாள் வேலை. தைரியமாக இறங்குங்கள். வெளியே தெரியும் சாமான் எது கெட்டாலும் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். டைல்ஸுக்குப் பின்னால் காரைக்குள் புதைந்திருக்கிறதே அந்த அரை இன்ச் எல்போ, அது உடைந்தால்தான் சுவரைக் கொத்தும்படி ஆகும். கீழே நான் சொல்வதில் பாதி அதைக் காப்பாற்றத்தான்.

1. கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்குப் போங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிறது. தொட்டிக்கும் ஷவருக்கும் எத்தனை உயரமோ அத்தனைதான் அழுத்தம். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். தொட்டி மூன்றடி மேடையில் நிற்கிறது, குளியலறை அதற்கு நேர் கீழே மேல்மாடியில் இருக்கிறது, ஷவர் ஏழடி உயரத்தில் வருகிறது என்று வையுங்கள். கிடைக்கிற உயரம் ஆறரை அடி, அதாவது 0.2 பார். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் 0.5 பார் கிடைக்கும். தட்டு அகலத்துக்கு இருக்கும் மழை ஷவரை ஆசைப்பட்டு வாங்கி மேல்மாடியில் மாட்டினால் சொட்டத்தான் செய்யும். குறை சாமானில் இல்லை. பழைய ஷவரின் தலையை மட்டும் கழற்றி, வரும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். 10 லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் சாதாரண ஷவருக்குப் போதும். அதற்கு மேல் நேரம் எடுத்தால் சின்னத் தலையாகப் பார்த்து வாங்குங்கள். பிரஷர் பம்ப் வைக்கும் யோசனை இருந்தால் அதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். பழைய இணைப்புகள் அந்த வேகத்தைத் தாங்குமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

2. கேட் வால்வை மூடுங்கள், கீசர் சுவிட்சை அணையுங்கள். பல வருடம் திருகாத கேட் வால்வு முழுதாக மூடாது. அப்படியானால் மாடியில் தொட்டி வால்வையே மூட வேண்டும். பிறகு குழாய்களைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள்.

3. பழைய ஷவர் ஆர்மை (தலையைத் தாங்கி, எல்போவுக்குள் திருகியிருக்கும் குழாய்) கழற்றுகிறபோதுதான் எல்போவுக்குக் கண்டம். உப்புத் தண்ணீர் ஓடிய வீட்டில் மரை இறுகிப் போயிருக்கும். ஆர்மின் வளைவைக் கைப்பிடியாகக் கொண்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். வெட்டி இழுக்காமல், சீராக. ஆர்ம் சுற்றும்போது கூடவே சுவர் ஓரத்துக் காரையும் அசைந்தால் உடனே நிறுத்துங்கள். மரை கழலவில்லை, உள்ளே எல்போவே திரும்புகிறது என்று அர்த்தம். அதன் பின்னால் இருக்கும் ஒட்டு விட்டுப்போனால் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஓடும். இன்னொன்று: உள்ளே சிபிவிசி பைப் என்றால் துரு இளக்கும் எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள். சில எண்ணெய்கள் அந்தப் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பழைய ஜிஐ பைப், துருப்பிடித்து அசைய மறுக்கிறது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. எல்போ எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஒரு ஈர்க்குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் அது முக்கால் இன்ச் உள்ளே போயிருக்கும். ஆர்மின் மரை இரண்டு சுற்று மட்டும் பிடித்தால் போதாது, நான்கைந்தாவது பிடிக்க வேண்டும். எட்டாவிட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்கிப் போடுங்கள். பித்தளையில், அரை இன்ச் முதல் பல நீளங்களில் கிடைக்கும்.

5. டெஃப்லான் டேப் சுற்றுவதற்கு முன் பிளாஞ்சை (சுவர் ஓட்டையை மறைக்கும் வட்டத் தகடு) ஆர்மில் கோத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில், டேப்பை நன்றாக இழுத்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே போகும்போதே உரிந்துகொண்டு வரும்.

பிறகு கையாலேயே திருகுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று லேசாகப் போக வேண்டும்; போகாவிட்டால் மரை கோணலாகப் பிடிக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். அதற்குப் பின்தான் இந்த வேலையின் கஷ்டமான இடம் வருகிறது. ஆர்ம் இறுகுகிற நேரமும் அதன் வாய் நேர் கீழே பார்க்கிற நேரமும் ஒன்றாக வர வேண்டும். பெரும்பாலும் வராது. பக்கவாட்டில் நிற்கும்போதே இறுகிவிடும். அப்போது இரண்டு ஆசை வரும். ஒன்று, கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்குவது. திருப்பினால் டேப் இடம்விட்டு ஒழுகும். மற்றது, பைப் ரிஞ்சைப் போட்டு இன்னொரு சுற்று அழுத்துவது. அழுத்தினால் எல்போ பிளக்கும். இரண்டும் வேண்டாம். முழுக்கக் கழற்றுங்கள், பழைய டேப்பைச் சுரண்டி எடுங்கள், இரண்டு சுற்றுக் குறைத்தோ கூட்டியோ மறுபடி சுற்றுங்கள். ஒரு ரோல் டேப் விலையையும் சுவரைக் கொத்தும் செலவையும் மனதில் வைத்துக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

6. ஷவர் தலையை உடனே மாட்டாதீர்கள். முதலில் வெறும் ஆர்ம் வழியாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். பைப்பில் தங்கிய மணலும் சிமென்ட் துகளும் வெளியேறட்டும். அடுத்து ஆர்ம் வாயில் ஒரு டம்மியை (அடைப்பு மூடி) மாட்டி அடைத்து, வால்வை மெதுவாகத் திறந்து, ஷவர் குழாயையும் திறந்தே அரை மணி நேரம் விடுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஷவர் பக்கத்துப் பைப்பில் குளிக்கும்போது மட்டும்தான் தண்ணீர் ஏறுகிறது. சின்னக் கசிவு அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணில் படாது. மாதக்கணக்கில் உள்ளே இறங்கி, பின்பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் பொருக்கு எழும்பிய பிறகே தெரியும். பிளாஞ்சைத் தள்ளிவைத்து, மரையைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருக்க வேண்டும்.

7. பிளாஞ்சைச் சுற்றி சிலிகான் பூசும்போது மேலேயும் இரு பக்கமும் மட்டும் பூசுங்கள். கீழே ஒரு விரல் இடம் விடுங்கள். என்றாவது உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

8. வால் மிக்சரும் சேர்த்து மாற்றுகிறீர்களா? வெந்நீர் இடப்பக்கம். இரண்டு பைப்புக்கும் நடுவே 6 இன்ச் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் கூடவே வரும் வளைந்த கால்களைத் திருப்பிச் சரிசெய்யலாம். மிக்சரை நெருக்கி உட்காரவைக்காதீர்கள். நட்டுகளை முடுக்கும்போது ஸ்பேனர் வாய்க்குள் துணி வைத்தால் குரோம் கீறாது. வெந்நீர்ப் பக்கம் தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே கீசரைப் போடுங்கள்.

9. தலையை மாட்டும்போது உள்ளே ரப்பர் வாஷரும் சல்லடையும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு டேப் தேவையில்லை, கையால் முடுக்கினாலே போதும். போர் தண்ணீர் வீடு என்றால் சில மாதத்துக்கொருமுறை தலையைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். உப்போடு சேர்த்து குரோமையும் தின்றுவிடும்.