ஏடும் ஊரும்

நுழையும்முன்

ஊரில் ஒரு சாலை போடப்படுகிறது. ஒரு குளம் தூர்வாரப்படுகிறது. ஒரு தெருவிளக்கு மாற்றப்படுகிறது. ஒவ்வொரு பொதுப்பணிக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, மக்கள் கண்ணால் காண்பது. மற்றொன்று, அலுவலக ஏட்டில் எழுதப்பட்டிருப்பது. இவ்விரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பதை அறியும் உரிமை ஊரார் அனைவருக்கும் உண்டு. அவ்வுரிமை வளர்ந்த வரலாற்றையும் அதனைப் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் வெட்டிய விதி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோவிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. தேர்தல் முறைக்காகப் பெரிதும் போற்றப்படும் அக்கல்வெட்டில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய விதி ஒன்று உண்டு. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் தரத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. ஊர்ப்பொருளைக் கையாண்டவர் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் கருத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்குக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

எனினும், அச்சபை ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அதில் இடம் இருந்தது. ஏரியை வெட்டிய உழைப்பாளி, ஏரி வாரியத்தின் கணக்கைக் கேட்க முடியாது. கணக்குக் கேட்கும் உரிமை, சபையோரிடமிருந்து எளிய உழைப்பாளியின் கைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அந்நெடும்பயணத்தின் திருப்புமுனை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இராஜஸ்தானின் வறண்ட சிற்றூர்களில் நிகழ்ந்தது.

கூலி கேட்டவர்கள் கணக்குக் கேட்டனர்

இராஜஸ்தானில் வறட்சி நிவாரணப் பணிகளில் மண் சுமந்த ஏழைகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டபோது, "நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு என்று ஏட்டில் இருக்கிறது" எனப்பட்டது. அவ்வேட்டைக் காட்டுமாறு கேட்டபோது, அது அரசு ஆவணம், காட்ட இயலாது என்று மறுக்கப்பட்டது. தங்கள் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டைத் தாங்களே காண முடியாத நிலையில் அம்மக்கள் இருந்தனர்.

இந்நிலையை மாற்ற, 1990ஆம் ஆண்டு மே முதல் நாளன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்னும் உழைப்பாளர் - உழவர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்த இவர், இந்திய ஆட்சிப்பணியிலிருந்து விலகி இராஜஸ்தானின் சிற்றூர் மக்களிடையே பணியாற்றியவர்.

1994ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கோட் கிரானா என்னும் ஊரில் அவ்வமைப்பு பொதுவிசாரணைக் கூட்டம் ஒன்றை நடத்தியது. ஊராட்சிப் பணிகளின் செலவுச்சீட்டுகளும் கூலிப் பட்டியல்களும் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட்டன. பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்களே அங்கு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். இதனைத் தொடர்ந்து பிற ஊர்களிலும் நடந்த கூட்டங்களில், வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் இறந்தவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்ததும், முற்றுப்பெறாத பணிகள் முற்றுப்பெற்றதாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிவந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட எழுந்து நின்று, "நான் அன்று அங்கு வேலை செய்யவில்லை" என்று சாட்சி கூறினர். பெட்டிக்குள் இருந்தவரை பொய் சொன்ன ஏடு, ஊர் நடுவில் படிக்கப்பட்டபோது உண்மையை வெளிப்படுத்தியது.

ஆவண நகல்களை மக்களுக்கு வழங்கவேண்டும் எனக் கோரி, 1996ஆம் ஆண்டு பியாவர் நகரில் 40 நாள் அறப்போராட்டம் நடைபெற்றது. 'நம் பணம், நம் கணக்கு' என்பதே அவ்வியக்கத்தின் முழக்கம். இக்கோரிக்கை நாடெங்கும் பரவியது. பல மாநிலங்கள் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. 1997இல் அத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது தமிழ்நாடே. ஆயினும், அச்சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுந்திருந்தன. இந்தியா முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபைக் கூட்டம் நடத்தப்படுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவு அங்கு மக்கள் முன் வைக்கப்படவேண்டும்.

எவற்றைக் காணலாம்?

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் அனைத்தும் இச்சட்டத்திற்கு உட்பட்டவை. ஒரு தெருவில் சிமெண்டுச் சாலை போடப்பட்டதாகக் கொள்வோம். அது குறித்து மன்றம் எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எவ்வளவு செலவு என்பன மதிப்பீட்டில் இருக்கும். யாரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பணி ஆணை கூறும். முடிந்த பணியைப் பொறியாளர் அளந்து எழுதிய விவரம் அளவுப் புத்தகத்தில் இருக்கும். வழங்கிய தொகையைச் செலவுச்சீட்டு காட்டும்.

இவற்றின் சான்றிட்ட நகலைப் பெறலாம். நேரில் சென்று ஆவணத்தைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கலாம். நடைபெறும் பணியையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும்கூடச் சட்டம் இடமளிக்கிறது.

கேட்கும் முறை

இந்தியக் குடிமக்கள் அனைவரும் தகவல் கேட்கலாம். சட்டம் வயது வரம்பு எதனையும் விதிக்கவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால், அதனை எழுத்து வடிவமாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமையாகும். தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். அதனை நீதிமன்றக் கட்டண வில்லையாகவும் ஒட்டலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணம் இல்லை. தவறான அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டால், ஐந்து நாள்களுக்குள் அதனை உரிய அலுவலகத்திற்கு மாற்றி அனுப்பவேண்டும்.

விண்ணப்பத்தின் பயன், கேட்கும் முறையைப் பொறுத்தது. "எங்கள் தெருச் சாலை ஏன் தரமற்றதாக உள்ளது?" என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. சட்டம் வழங்குவது அலுவலகத்தில் உள்ள தகவலையே. விளக்கத்தையோ கருத்தையோ அன்று. எனவே, ஆவணத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்பதே சிறந்தது.

மாதிரி விண்ணப்பம்

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி)

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், (அலுவலகத்தின் பெயர், முகவரி)

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்கீழ் ஆவண நகல்கள் வேண்டுதல்.

ஐயா / அம்மையீர்,

(ஊர்) (தெரு) சிமெண்டுச் சாலைப் பணி (ஆண்டு) தொடர்பான கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு வேண்டுகிறேன்.
1. மன்றத் தீர்மானம்
2. மதிப்பீடு
3. பணி ஆணை
4. அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள்
5. தொகை வழங்கிய செலவுச்சீட்டுகள்

விண்ணப்பக் கட்டணத்திற்கான வில்லை ஒட்டப்பட்டுள்ளது.

நாள்:
இடம்:
இப்படிக்கு,
(கையொப்பம்)

மறுக்கப்பட்டால்

விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் தகவல் வழங்கப்படவேண்டும்; உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானதாயின் 48 மணி நேரத்திற்குள் வழங்கப்படவேண்டும். காலக்கெடு கடந்தால், பின்னர் நகல்களைக் கட்டணமின்றியே தரவேண்டும். விடை வராவிட்டாலோ மனநிறைவு அளிக்காவிட்டாலோ, 30 நாள்களுக்குள் அதே அமைப்பின் மேல்நிலை அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீர்வு கிட்டாவிடில், 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம்.

எல்லாத் தகவலும் எல்லார்க்கும் உரியதன்று என்பதையும் உணரவேண்டும். நாட்டின் பாதுகாப்பு, நீதிமன்றம் வெளியிடத் தடைவிதித்த செய்தி, வணிக மறைபொருள், விசாரணைக்கு இடையூறு விளைவிக்கும் விவரம், பிறருடைய தனிப்பட்ட வாழ்க்கைச் செய்தி போன்றவற்றிற்குச் சட்டம் விலக்களிக்கிறது. எனினும், வெளியிடுவதால் விளையும் பொதுநலன் மிகுதி எனில், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் வழங்கலாம்.

ஏட்டிலிருந்து ஊருக்கு

நகல் கைக்கு வந்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. அளவுப் புத்தகத்தில் 200 மீட்டர் என்றிருந்தால், அளவு நாடாவை எடுத்துத் தெருவை அளக்கவேண்டும். அது 140 மீட்டராக இருந்தால், எஞ்சிய 60 மீட்டர் எங்கே என்று கிராம சபையில் கேட்கலாம். அங்கு இருவகை விடைகள் வரக்கூடும். குடிநீர்க் குழாய்ப் பணி காரணமாக நீளம் குறைக்கப்பட்டு, அதற்கேற்பத் தொகையும் குறைத்து வழங்கப்பட்டதைத் தீர்மானம் காட்டலாம். அவ்வாறாயின், நேர்மையாகப் பணியாற்றியவர் மீதிருந்த ஐயம் நீங்கும். அத்தகைய தீர்மானம் இல்லையெனில், கேள்வி வலுப்பெறும். ஆவணம், குற்றம் சாட்டுவதற்கு மட்டுமன்றி, வீண்பழியைத் துடைப்பதற்கும் உரிய கருவியாகும்.

இவ்வுரிமையைப் பயன்படுத்தியதற்காக மிரட்டப்பட்டவர்களும் தாக்கப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. ஒருவர் தனித்துக் கேட்கும்போது அவர்மீது பகை குவிகிறது. ஊரே கேட்கும்போது அது பொதுவழக்கமாகிவிடுகிறது. சிற்றூர் மக்கள் திறந்தவெளியில் ஒன்றுகூடி அமர்ந்து ஏடுகளைப் படிக்கச்செய்ததன் சிறப்பு இதுவே. சாலையை நாள்தோறும் மிதித்து நடப்பவருக்கு அதன் நீளம் தெரியும். அலுவலகத்திற்கு அதன் கணக்குத் தெரியும். இருவர் அறிந்ததும் ஓரிடத்தில் சேரும்போதுதான் ஊர்ப்பணம் ஊருக்கே பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் அண்மையில் நடைபெற்ற பொதுப்பணி ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய ஆவணங்களின் பட்டியலை உருவாக்குக.
2. பாடத்திலுள்ள மாதிரியைப் பின்பற்றி, உங்கள் பகுதியின் குடிநீர் வழங்கல் தொடர்பாகத் தகவல் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதுக.
3. கிராம சபை அல்லது பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்ட பெரியவர் ஒருவரிடம் உரையாடி, அங்குக் கணக்குகள் எவ்வாறு முன்வைக்கப்பட்டன என்பதை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

1. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் கணக்கு குறித்த விதியையும் அச்சபையின் எல்லையையும் எழுதுக.
2. 'ஆவணம் வீண்பழியைத் துடைப்பதற்கும் உரிய கருவி' - விளக்குக.
3. தகவல் மறுக்கப்பட்டால் குடிமக்கள் மேற்கொள்ளத்தக்க வழிமுறைகளைத் தொகுத்து எழுதுக.