நீங்களே எழுதி, நீங்களே வெளியிடலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்து பழகுகிறோம். கை பழகியதும் நெடுநாள் ஆசை ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு நாவல் எழுதலாமா? ஊர்க் கதைகளைத் தொகுக்கலாமா? அம்மாவின் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக்கலாமா? தாராளமாகச் செய்யலாம். பதிப்பகத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இன்று இல்லை.

ஆண்டி வெயர் என்ற அமெரிக்க சாப்ட்வேர் புரோகிராமர் 2009 முதல், செவ்வாய்க் கிரகத்தில் தனியாகச் சிக்கிக் கொண்ட ஒருவரின் கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணைய தளத்தில் இலவசமாகத் தந்து வந்தார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் கணக்குப் பிழைகளைச் சுட்டிக் காட்டினார்கள். அவர் திருத்திக் கொண்டார். வாசகர்கள் கேட்டதால் 2011ல் அதை 99 சென்ட் விலையில் கிண்டில் மின்னூலாக வெளியிட்டார். 'தி மார்ஷியன்' என்ற அந்த நாவலை 2014ல் ஒரு பெரிய பதிப்பகம் அச்சிட்டது. 2015ல் திரைப்படமாகவும் வந்தது.

எல்லாருக்கும் இப்படி நடக்காது. ஆனால் அவர் செய்த இரண்டு வேலைகளை நாமும் செய்யலாம். ஒன்று, எங்கும் பயன்படும் வகையில் எழுதி வைப்பது. மற்றொன்று, எழுதும்போதே வாசகருக்குத் தகவல் தருவது.

முதலில் யூனிகோட்

தமிழில் எழுதும் பலர் இடறுவது இங்குதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் பைலுக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். 'அ' என்று நீங்கள் பார்ப்பது உள்ளே ஆங்கிலச் சிறிய 'எம்'. அதன் எண் 109. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். பல ஆண்டு உழைப்பு படிக்க முடியாத குப்பையாகத் தெரியும்.

யூனிகோடில் 'அ' எழுத்துக்கென்றே தனி எண் உண்டு. அது 2949. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் அந்த எண் 'அ'வை மட்டுமே குறிக்கும். தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டது. மின்னூல் தளங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் தேர்ந்தெடுத்து, தமிழ் மொழியைச் சேர்த்திடவும். அதன் கீபோர்டு பட்டியலில் உங்களுக்குப் பழக்கமானதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிச் செல்லலாம்.

பழைய பைல் இருக்கிறதா?

ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துகளாக மாறினால் பழைய முறை. கவலை வேண்டாம். இதற்கென எழுத்துரு மாற்றி புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. மூல பைலைத் தொடாதீர்கள். அதன் பிரதியை மட்டும் மாற்றுங்கள்.

2. கதையில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழ் என்று எண்ணி உருக்குலைத்துவிடும். அவற்றை முன்பே குறித்து வைத்துக் கொண்டு மீண்டும் டைப் செய்திடவும்.

3. தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்றவை மறையலாம். மாற்றிய பிரதியை ஒரு முறை முழுவதும் படியுங்கள்.

அத்தியாயத் தலைப்புக்கு ஸ்டைல்

தலைப்பின் அளவைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் போதாது. உங்கள் கண்ணுக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அது இன்னொரு வரிதான். வேர்டில் தலைப்பு வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட் கீகளுடன் 1 என்ற கீயை அழுத்துங்கள். அது ஹெடிங் 1 ஸ்டைலாக மாறும். எல்லா அத்தியாயங்களுக்கும் இப்படிச் செய்த பின், ரெபரன்சஸ் டேபில் டேபிள் ஆப் கன்டென்ட்ஸ் கிளிக் செய்தால், பொருளடக்கம் தானே உருவாகும். மின்னூலில் வாசகர் அதைத் தொட்டு நேராக அந்த அத்தியாயத்துக்குச் செல்லலாம்.

புதிய பக்கம் தொடங்க என்டர் கீயைப் பத்து முறை தட்ட வேண்டாம். கன்ட்ரோல் கீயுடன் என்டர் ஒரு முறை போதும். திரையின் அளவு மாறும் செல்போனில், பத்து என்டர்களும் பத்து வெற்று வரிகளாகவே நிற்கும். வேர்டு இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரைப் பயன்படுத்தலாம்.

ஒரு பிரதி போதாது

ஹார்ட் டிஸ்க் சொல்லிக் கொண்டு பழுதாவதில்லை. வாரம் ஒரு முறையாவது பைலை பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று எனப் பிரதி எடுத்து வையுங்கள். பைலின் பெயரில் தேதியைச் சேர்த்தால், எது புதியது என்ற குழப்பம் வராது.

வெளியிடும்போது

அமேசான் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் நூல்களைத் தரத் தொடங்கியது. இதில் நூல் வெளியிடக் கட்டணம் இல்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணும் மின்னூலுக்குக் கட்டாயமில்லை. கணக்குத் தொடங்கி, வங்கி மற்றும் வரி விவரங்களைத் தந்து, பைலையும் அட்டைப் படத்தையும் ஏற்றி, விலையை நீங்களே குறிக்கலாம். அட்டையின் அளவு 1600 பிக்ஸெல் அகலம், 2560 பிக்ஸெல் உயரம் இருப்பது நல்லது. இணையத்தில் கண்ட படத்தை எடுத்து அட்டையாக்க வேண்டாம். அதற்கும் உரிமையாளர் உண்டு.

இரண்டு இடங்களில் நிதானம் தேவை. முதலாவது, கே.டி.பி. செலக்ட் என்ற கட்டம். அதில் டிக் செய்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. 90 நாட்கள் முடிந்ததும் அது தானாகவே நீட்டிக்கப்படும். வேண்டாம் எனில் நீங்கள்தான் டிக்கை எடுக்க வேண்டும். வேறு தளத்தில் அதே கதையைத் தொடராகத் தந்து கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்காமல் டிக் செய்தால் சிக்கல்தான்.

இரண்டாவது, மாதிரிப் பக்கங்கள். நூலின் முதல் 10 சதவீதத்தை வாசகர் இலவசமாகப் பார்க்கலாம். நம் வழக்கப்படி அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என அடுக்கினால், 100 பக்க நூலில் அந்தப் பத்துப் பக்கமும் அதிலேயே போய்விடும். கதையின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? நன்றியும் வாழ்த்தும் நூலின் இறுதியில் இருக்கட்டும். முதல் அத்தியாயம் முன்னால் வரட்டும்.

வாசகருக்குத் தகவல்

நூல் வந்த பிறகுதான் விளம்பரம் என்று எண்ண வேண்டாம். மாதம் ஒரு முறை நாலு வரித் தகவல் எழுதுங்கள். இம்மாதம் எத்தனை அத்தியாயம் முடிந்தது, எதற்காக யாரைச் சந்தித்தீர்கள், எந்த இடத்தில் கதை நிற்கிறது, எப்போது வரும். வேர்டில் கீழ்ப் பட்டையில் தெரியும் சொற்களின் எண்ணிக்கையையும் குறிப்பிடலாம். 'வாங்குங்கள், வாங்குங்கள்' என்று தினமும் அனுப்பினால் நண்பர்களும் விலகி விடுவார்கள். கதை எப்படி வளர்கிறது என்று சொன்னால் காத்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் புராட்காஸ்ட் லிஸ்ட் அமைத்து அனுப்புகிறீர்களா? உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது சென்றடையும். எனவே தகவல் வேண்டும் என்று கேட்பவரிடம், எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். வாசகர் பிழை சுட்டினால் வருந்த வேண்டாம். அச்சு நூலில் அடுத்த பதிப்பு வரை பிழை நிற்கும். மின்னூலிலோ திருத்திய பைலை மீண்டும் ஏற்றினால் போதும்.

இந்த மாதப் பயிற்சி

உங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை மூன்று சிறு அத்தியாயங்களாக யூனிகோடில் டைப் செய்யுங்கள். தலைப்புகளுக்கு ஹெடிங் 1 கொடுத்துப் பொருளடக்கம் உருவாக்குங்கள். பைலை உங்கள் செல்போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். அங்கும் ஒவ்வோர் எழுத்தும் சரியாகத் தெரிந்தால், உங்கள் முதல் புத்தகத்துக்கான அடித்தளம் தயார்.