பழைய லென்ஸும் புதிய காமிராவும்

பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் ஆண்டுதோறும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. பாட்டனார் வைத்திருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை, வேறொரு நிறுவனத்தின் டிஜிட்டல் காமிராவில் மலிவான ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் பொருத்திக்கொண்டு, மாணவர் ஒருவர் அங்கே செல்வதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள மலர்கள் மிகத் தெளிவாகப் பதிவாகின்றன. ஆனால் சற்று அப்பால் நிற்கும் கண்ணாடி மாளிகையோ, லென்ஸை எவ்வளவு திருப்பினாலும் மங்கலாகவே விழுகிறது. லென்ஸ் பழுதுபட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினால் அது தவறாகும். பிழை லென்ஸில் இல்லை; அது அமர்ந்திருக்கும் இடத்தில் உள்ளது.

பின்தூரம் என்பது யாது?

வெகு தொலைவிலுள்ள பொருளின் பிம்பம், லென்ஸின் பின்னால் ஒரு குறிப்பிட்ட தளத்தில் குவிகின்றது. முற்காலத்தில் அத்தளத்தில் பிலிம் இருந்தது. இப்போது ஒளியை மின் சைகையாக மாற்றும் சென்சார் இருக்கிறது. லென்ஸைத் தாங்கும் பூட்டு வளையத்தின் முகப்பிலிருந்து இத்தளம் வரையுள்ள தூரத்தைப் பின்தூரம் என்று குறிப்பிடலாம். ஒவ்வொரு பூட்டு முறைக்கும் இது நிலையான ஓர் அளவாகும்.

1949இல் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் காமிராவும், பின்னர் பிராக்டிகா, பென்டாக்ஸ் முதலியனவும் கையாண்ட 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு முறை, எம்-42 எனப்படுகிறது. இதன் பின்தூரம் 45.46 மில்லிமீட்டர். 1959இல் தோன்றிய நிக்கான் எஃப் முறைக்கு 46.5 மில்லிமீட்டர், 1987இல் தோன்றிய கேனன் இ.எஃப் முறைக்கு 44 மில்லிமீட்டர். இவ்வளவுகளிடையே உள்ள வேற்றுமை மிகச் சிறியதுதான். எனினும் விளைவு சிறியதன்று.

ஒரு மில்லிமீட்டரின் விளைவு

மாணவரின் லென்ஸ் எம்-42 வகை. காமிராவோ நிக்கான் எஃப் வகை. ஆகவே லென்ஸ், தனக்குரிய இடத்தைவிட 1.04 மில்லிமீட்டர் முன்னே தள்ளி அமர்கின்றது. குவிய நீளத்தின் வர்க்கத்தை இம்மிகைத் தூரத்தால் வகுத்தால், தெளிவாகப் படமெடுக்கத்தக்க கடைசித் தொலைவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 50இன் வர்க்கம் 2,500, அதனை 1.04ஆல் வகுக்க, சுமார் 2,400 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது இரண்டரை மீட்டருக்கு அப்பாலுள்ளவை எல்லாம் மங்கிவிடும். வளையத்தின் கனம் மேலும் ஒரு மில்லிமீட்டர் கூடினால், எல்லை ஒன்றேகால் மீட்டராகச் சுருங்கும். மலர் தெளிந்ததும் மாளிகை மங்கியதும் இதனாலேயே.

இதே லென்ஸைக் கேனன் இ.எஃப் காமிராவில் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. அங்கே 1.46 மில்லிமீட்டர் இடம் மிஞ்சுகின்றது. அக்கனமுள்ள வளையம் ஒன்றே போதுமானது. தொலைவிலுள்ள பொருள்களும் தெளிவாக விழும். ஆகவே பொதுவிதி இது: லென்ஸின் பின்தூரம் காமிராவின் பின்தூரத்தைவிட அதிகமாயிருத்தல் வேண்டும். மிஞ்சும் இடத்தை வளையத்தால் நிரப்பலாம். குறையும் இடத்தை வெறும் வளையத்தால் உண்டாக்க இயலாது. சிறு லென்ஸ் பதித்த வளையங்கள் இக்குறையை ஈடு செய்யுமெனினும், அந்தச் சிறு லென்ஸின் தரத்திற்கேற்பப் படத்தின் தெளிவு குன்றும்.

கண்ணாடி நீங்கியதால் விளைந்த நன்மை

பழைய முறைகளின் பின்தூரம் நீண்டிருந்ததற்குக் காரணம், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே மேலெழுந்து தாழும் பிரதிபலிப்புக் கண்ணாடியாகும். அக்கண்ணாடியற்ற காமிராக்களில் இத்தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2010இல் வந்த சோனி இ முறைக்கு 18 மில்லிமீட்டர். 2018இல் வந்த நிக்கான் இசட் முறைக்கு 16, கேனன் ஆர்.எஃப் முறைக்கு 20 மில்லிமீட்டர். ஆகவே, பிரதிபலிப்புக் கண்ணாடியுள்ள காமிராக்களுக்கென முன்னர் செய்யப்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிம் லென்ஸ்கள் அநேகமாக அனைத்தையும் இவற்றில் பயன்படுத்தலாம். மாணவரின் லென்ஸுக்குச் சோனி இ காமிராவில் வேண்டுவது, 27.46 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகக் குழாய் மட்டுமே.

காவலூரில் ஒரு சான்று

லென்ஸும் பதிவுக் கருவியும் ஒரே காலத்தவையாய் இருக்கவேண்டியதில்லை என்பதற்கு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனமே சான்று தருகிறது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. அது லென்ஸாலன்றிக் குழியாடியால் ஒளியைக் குவிப்பது. எனினும் விதி ஒன்றே. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களைக் காட்டிய நோக்கங்களுள் ஒன்று இத்தொலைநோக்கியால் நிகழ்ந்தது. புகைப்படத் தகடு, ஒளிமின் மானி, பிற்காலத்து சி.சி.டி. எனப் பதிவுக் கருவிகள் மாறின, ஆடி மாறவில்லை. புதுக் கருவியின் தளம் குவியத்தில் அமைய வேண்டும் என்பதே ஒவ்வொரு முறையும் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை.

பொருத்துமுன் கவனிக்கத்தக்கவை

முதலாவது, பழைய லென்ஸ் தானாகக் குவியாது. கையால் திருப்பியே குவிக்க வேண்டும். ஒளித்துவாரத்தையும் லென்ஸிலுள்ள வளையத்தாலேயே மாற்ற வேண்டும். எம்-42 லென்ஸ்கள் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு முளை உண்டு. அதை அழுத்தாதவரை துவாரம் முழுவதும் திறந்தே இருக்கும். அழுத்தும் விளிம்புள்ள வளையத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

இரண்டாவது, சில அகலக்கோண லென்ஸ்களின் பின்பகுதி வெளியே நீண்டிருக்கும். பிரதிபலிப்புக் கண்ணாடியுள்ள காமிராவில் அது கண்ணாடியைத் தாக்கி உடைத்துவிடக்கூடும். பூட்டு எளிதில் திரும்பாவிடில் ஒருபோதும் வலிந்து திருப்பலாகாது.

மூன்றாவது, சென்சார் பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியதாயின் காட்சியும் குறுகும். ஒன்றரை மடங்கு சிறிய சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், 75 மில்லிமீட்டர் லென்ஸின் காட்சியையே தரும்.

நான்காவது, ஈரம். மழை மாதங்களில் பெட்டிக்குள் அடைபட்ட லென்ஸில் பூஞ்சை சிலந்திவலை போலப் படர்கின்றது. அதிலிருந்து கசியும் அமிலம் மேற்பூச்சை அரிக்கின்றது. விளக்கொளியில் லென்ஸினூடே நோக்கி இதனைக் கண்டறியலாம். சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது தக்க காப்பு.

மேற்கூறிய மாணவர் தம் லென்ஸைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. இப்போதுள்ள காமிராவில் அது மலர்களுக்கு உதவும். பின்தூரம் குறைந்த வேறொரு காமிராவில் மாளிகைக்கும் உதவும். பணத்தைச் செலவிடுமுன் அவர் செய்யவேண்டியது, இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே.