தோசைக்கல்லில் ஒரு பீட்சா

அன்பு மருமகனுக்கு,

வீட்டு அவனில் சுட்ட பீட்சா மேலே கருகத் தொடங்கியும் அடி வெளிறியே கிடக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். மாவில் குறை இல்லை. அடிச்சூடு போதவில்லை.

நேப்பிள்ஸ் விறகுப் போறணைகளின் தளம் 430 பாகை செல்சியஸ் அளவில் காய்ந்திருக்கும். பீட்சா 60 முதல் 90 செக்கனில் வெந்துவிடும். நம் அவன் 250 பாகையோடு நின்றுவிடும். நம்மூர்ப் பாண் போறணையைப் போய்ப் பார். உள்ளேயே விறகெரித்து, தணலை வாரி எடுத்த பிறகுதான் பாணை அடுக்குவார்கள். செங்கல்லில் ஏறிய சூடுதான் பாணை வேகவைக்கிறது. அந்த வேலையை உனக்குக் கனத்த இரும்புத் தோசைக்கல் செய்யும். மெல்லிய அலுமினியத் தட்டால் ஏலாது. ஈரமா பட்டதும் ஆறிவிடும். விளிம்பு உயர்ந்த கல்லென்றால் கவிழ்த்து வை. மரப்பிடி, ஒட்டாத பூச்சு உள்ளவை வேண்டாம். மேல்தட்டில் வைத்து, முழுச் சூட்டில் முக்கால் மணி நேரம் காயவிடு.

மாவுக்குத் திருகோணமலையில் அரைபடும் பிறிமா கோதுமை மாவே போதும். 500 கிராமுக்குத் தண்ணீர் 325 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. நேப்பிள்ஸில் தண்ணீர் இதைவிடக் குறைவு. நம் அவனில் ஏழெட்டு நிமிடம் கிடப்பதால் மா காய்ந்து போகும், அதனால்தான் கூட விடுகிறோம். கையில் ஒட்டும், பயந்து மேலும் மா தூவாதே. கால் மணி மூடி வைத்தால் தானாக வசத்துக்கு வரும். நம் வெக்கையில் மா சீக்கிரம் பொங்கிவிடும், ஆனால் ருசி ஏறியிருக்காது. ஒரு மணி நேரம் வெளியே விட்டு, மூன்று உருண்டையாக்கி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வை. சுடுவதற்கு ஒரு மணி முன் வெளியே எடு. உருளைக்கட்டையைத் தொடாதே, அது உள்ளிருக்கும் காற்றை எல்லாம் நசுக்கிவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் விரி. 2017இல் யுனெஸ்கோ மானுட மரபாகப் பட்டியலிட்ட நேப்பிள்ஸ் கலையில் இந்தக் கைவேலையும் அடக்கம்.

மேலே போட நமக்கு வாவி இறால் இருக்க வேறென்ன வேண்டும்? ஆனால் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு மாவை ஊறவைத்துவிடும். காய்ந்த தாச்சியில் உள்ளி, இடித்த செத்தல் மிளகாயோடு ஒரு நிமிடம் பிரட்டி எடு. இறால் விட்ட சாற்றைக் கொட்டிவிடாதே. மசித்து வடித்த தக்காளியில் ஊற்றி, உப்புப் போட்டுக் கெட்டியாக வற்றவை. வாவியின் ருசி முழுவதும் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. அதை ஆறவிட்டு மெல்லிசாகப் பூசு. மொசரெல்லாவையும் அளவோடு தூவு.

கவிழ்த்த தட்டில் றவை தூவி, அதன் மேல் மாவை வைத்துச் சோடி. தட்டை ஆட்டினால் மா வழுக்க வேண்டும். வழுக்கினால் உடனே கல்லுக்குத் தள்ளு. இறாலைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டால் போதும், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும்.

இரண்டாவதுக்கு அவசரப்படாதே. முதலாவது பீட்சா கல்லின் சூட்டை இறக்கியிருக்கும். கதவைச் சாத்திப் பத்து நிமிடம் காயவிட்டுப் போடு.

அன்புடன்,
மாமி